பைப் ஆர்கன் பெரிய ஆர்மோனியமா, நிற்க வைத்த புல்லாங்குழலா?

அரைச்சுருதி:
ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் சந்தேகம், கேட்டுவிடுகிறேன். நான் ஆர்மோனியம் வாசிப்பவன். பெரிய தேவாலயங்களில் நிற்குமே, அந்தப் பைப் ஆர்கனை நேரில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு நண்பர் "அது ஒன்றுமில்லை, குழாய் மாட்டின பெரிய ஆர்மோனியம்" என்றார். யோசித்தால் சரி மாதிரிதான் பட்டது: இங்கேயும் துருத்தி, அங்கேயும் துருத்தி, இரண்டிலும் கட்டையை அழுத்தினால் காற்றுக்கு வழி திறக்கிறது. பக்கத்தில் இருந்த இன்னொருவர், "அட போங்கய்யா, அது ஆயிரம் புல்லாங்குழலை நிமிர்த்தி நிறுத்தினது" என்கிறார். யார் சொல்வது சரி? அதோடு கெட்டில் விசில், சைரன், கப்பல் ஊதல், பலத்த காற்றில் ஊளையிடும் கம்பி, இதற்கெல்லாமும் காற்றுதானே மூலதனம். எல்லாம் ஒரே சமாச்சாரமா, ஒவ்வொன்றும் தனியா?

குழலூதி:
இரண்டு பேருமே பாதி சரி. ஆர்கனில் இரண்டு வகைக் குழாய்கள் இருக்கின்றன. உதட்டுக் குழாய், நாக்குக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவை உதட்டுக் குழாய்கள், முன்வரிசையில் வெள்ளி மாதிரிப் பளபளவென்று நிற்பவையும் அவைதான். அவை எங்கள் புல்லாங்குழலுக்குச் சொந்தக்காரர்கள். இன்னும் நெருங்கிச் சொன்னால் ரெக்கார்டர் என்ற மேல்நாட்டு ஊதுகுழலுக்கும் சாதாரண விசிலுக்கும் அண்ணன் தம்பி. ஏனென்றால் புல்லாங்குழலில் காற்றுக்கு வடிவம் கொடுப்பது வாசிப்பவரின் உதடு. ரெக்கார்டரிலும் விசிலிலும் ஆர்கனிலும் அந்த இடுக்கைச் செய்யும்போதே வெட்டி வைத்துவிடுகிறார்கள்.

பெரிய வித்தியாசம் என்னவென்றால், நான் ஒரே குழலில் துளைகளை மூடித் திறந்து எல்லாச் சுரத்தையும் எடுக்கிறேன். ஆர்கன் குழாய்க்கு ஒரே சுரம்தான் தெரியும். ஒரு வரிசையில் கட்டைக்கு ஒரு குழாய், அதே கட்டைக்கு இன்னொரு குரல் வேண்டுமென்றால் இன்னொரு வரிசை. ஆயிரக்கணக்கில் குழாய் சேருவது அப்படித்தான்.

கேள்விக்குறி:
இதற்கு ஏன் இத்தனை விளக்கம்? காற்று அடியில் நுழைகிறது, குழாய் வழியாக மேலே போகிறது, போகிற போக்கில் குழாயை அதிரவைக்கிறது, மேலே சத்தமாக வெளியே வருகிறது. குழாய் பெரிதானால் சத்தம் தடிமன். அவ்வளவுதானே.

துருத்திக்காரன்:
கேள்விக்குறி சார், நீங்கள் சொன்னதில் "பெரிதானால் தடிமன்" ஒன்றுதான் தேறும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலம் ஆர்கன் சுருதி சேர்ப்பவர் ஒருவருக்குக் கையாளாகப் போனேன். அவர் உள்ளே குழாய்களுக்கு நடுவில் நிற்பார், நான் வெளியே உட்கார்ந்து அவர் சொல்லும் கட்டையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். முதல் நாளே இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டேன். வாயால் பதில் சொல்லாமல் மரக்குழாய் ஒன்றைக் காட்டினார். அதன் மேல்முனையில் தோல் சுற்றிய மரக்கட்டை ஒன்று கார்க் மாதிரி இறுக்கமாக அடைத்திருந்தது. ஆனாலும் குழாய் ஒலிக்கிறது. காற்று மேலே போய் வெளியேறுகிறது என்றால், இது எப்படி?

பிறகு டிஷ்யூ பேப்பரில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, குழாயின் கீழ்ப்பகுதியில் இருக்கும் வாய்க்கு நேரே பிடித்தார். அந்த வாய் ஒரு செவ்வக வெட்டு. துண்டு படபடவென்று வெளிப்பக்கமாக அடித்தது. அதாவது துருத்தியிலிருந்து வந்த காற்று அங்கேயே, வாய் வழியாகவே வெளியே போய்விடுகிறது. குழாய்க்குள் இருக்கும் காற்று பயணம் எதுவும் போகவில்லை, இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

நடப்பது இதுதான். குழாயின் கால் வழியாக வரும் காற்று ஒரு மெல்லிய இடுக்கில் பிதுங்கி, தகடு போலத் தட்டையாகக் கிளம்புகிறது. எதிரே மேலுதடு. அந்தக் காற்றுத் தகடு உதட்டுக்கு உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை என்று மாறி மாறிச் சாய்கிறது. உள்ளே சாயும்போது குழாய்க் காற்றுக்கு ஒரு தள்ளு. அந்தத் தள்ளு மேலே போய், முனையில் பட்டுத் திரும்பி, வாய்க்கு வந்து, காற்றுத் தகட்டை வெளியே தள்ளுகிறது. இப்படியே சுற்று. ஊஞ்சலை ஆட்டுகிறவன் அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுகிறான் இல்லையா, இங்கே எப்போது தள்ளுவது என்பதை ஊஞ்சலே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அதனால் சுருதியை முடிவு செய்வது குழாயின் நீளம். காற்று வெறும் கூலிக்காரன்.

அரைச்சுருதி:
அடேங்கப்பா. அப்படியானால் அடைத்த குழாய்க்கும் திறந்த குழாய்க்கும் சத்தத்தில் வித்தியாசம் வருமா?

குழலூதி:
நிறையவே வரும். முனையை அடைத்தால் அதே நீளத்துக்குச் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். 8 அடிக் குழாய் தரும் சுரத்தை 4 அடிக் குழாயிலேயே எடுத்துவிடலாம், இடமும் மிச்சம், உலோகமும் மிச்சம். ஆனால் அடைத்த குழாயில் அடிப்படை அதிர்வின் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை மடங்குகள்தான் பலமாகக் கேட்கும், இரட்டைப்படை மடங்குகள் அமுங்கிவிடும். குரல் கொஞ்சம் உள்ளொடுங்கி, பானைக்குள் பேசுவது போல இருக்கும். திறந்த குழாயை ரொம்பப் பலமாக ஊதினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே தாவும், அடைத்த குழாய் அதையும் தாண்டி அடுத்த ஸ்தாயியின் பஞ்சமத்துக்குப் போய்விடும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 8 அடி என்றால் 2.44 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். திறந்த குழாயில் அதை இரண்டு மடங்கு நீளத்தால் வகுத்தால் 70 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆனால் 8 அடி என்று பெயர் வைத்திருக்கும் சுரம் சுமார் 65 ஹெர்ட்ஸ். தப்பில்லை. காற்றின் ஆட்டம் குழாயின் வாயோடும் முனையோடும் நின்றுவிடாமல் கொஞ்சம் வெளியேயும் நீள்கிறது, அதனால் குழாய் நிஜ நீளத்தைவிட நீளமானது போல நடந்துகொள்கிறது.

நாலுகட்டை:
உதட்டுக் குழாயையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அரைச்சுருதி கேட்டது ஆர்மோனிய ஒப்பீடு. அந்த நாக்குக் குழாயில் இருக்கும் ரீடும், அதாவது காற்றில் அதிரும் நாக்கும், எங்கள் ஆர்மோனிய ரீடும் ஒன்றா? பித்தளைதானே இரண்டும்.

துருத்திக்காரன்:
உலோகம் ஒன்று, நடத்தை வேறு. ஆர்மோனியத்தில் நாக்கு ஒரு துவாரத்துக்கு மேல் இருக்கிறது, துவாரத்தைவிட ஒரு மயிரிழை சிறியது. அதனால் துவாரத்துக்குள் புகுந்து வெளியே வந்து, எதிலும் முட்டாமல் ஆடுகிறது. அக்கார்டியன், மவுத் ஆர்கன் எல்லாம் இந்தக் கட்சி. ஆர்கனில் நாக்கு துவாரத்தைவிடப் பெரியது, உள்ளே போக முடியாது. நீளவாக்கில் பிளந்த ஒரு சின்னப் பித்தளைக் குழாய் இருக்கும், அதன் திறந்த பக்கத்தின் மேல் நாக்கு லேசாக வளைந்து படுத்திருக்கும். காற்று அழுத்தினால் நாக்கு உருண்டு படிந்து வழியை மூடும், விறைப்பில் மறுபடி எழும், மறுபடி மூடும். கிளாரினெட் ரீட் செய்வதும் இதே வேலை. அந்த வளைவை வைப்பது பெரிய கைவேலை. நான் ஒன்றில் முயன்று பார்த்துக் கெடுத்தேன், அதன் குரல் தகரடப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

நாக்கின் மேல் ஒரு கம்பி அழுத்திக்கொண்டிருக்கும். அதைக் கீழே தட்டினால் ஆடும் நீளம் குறைந்து சுருதி ஏறும், மேலே இழுத்தால் இறங்கும். இங்கே சுருதிக்கு முதல் எஜமான் நாக்குதான். மேலே நிற்கும் குழாய் பெரும்பாலும் குரலின் நிறத்தைக் கொடுக்கிறது. கூம்புக் குழாய் வைத்தால் எக்காளம் மாதிரிக் கணீரென்று வரும், ஒரே பருமனான குழாய் வைத்தால் கிளாரினெட் சாயல். ரொம்பக் குட்டையான குழாய் வைத்து மனிதக் குரல் என்றே பெயரிட்ட ஒரு வரிசையும் உண்டு. மனிதக் குரல் மாதிரி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எனக்கு அது ஜலதோஷம் பிடித்த ஆட்டின் குரலாகத்தான் கேட்கும்.

ஒரு நாள் நாக்குக் குழாய் ஒன்று சத்தமே போடவில்லை. நான் கட்டையை அழுத்துகிறேன், காற்று வரும் உஸ் மட்டும் கேட்கிறது. அடிப்பகுதியைக் கழற்றினால், நாக்குக்கும் அது படியும் பித்தளைக் குழாய்க்கும் நடுவில் ஒரு அந்துப்பூச்சியின் இறக்கைத் துணுக்கு. அவ்வளவுதான், கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை. அவர் ஒரு காகிதத் துண்டை நாக்கின் அடியில் நுழைத்து இழுத்தார், பத்து நொடியில் ஆளுயரக் குழாய் அலறியது.

நாலுகட்டை:
அப்படியானால் நாதஸ்வரச் சீவாளியில் இரண்டு நாக்கு ஒன்றோடொன்று மோதுகிறது, ஆனால் சுரத்தைக் குழல் முடிவு செய்கிறது. விரலை எடுத்தால் சுரம் மாறுகிறதே. அங்கே நாக்கு ஏன் எஜமானாக இல்லை?

துருத்திக்காரன்:
இதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. சீவாளி இலேசானது, ஈரமானது, தனக்கென்று பிடிவாதமான சுருதி இல்லாதது. அதைக் குழலுக்குள் ஆடும் காற்று தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்கிறது, ஊதுபவரின் உதடும் விட்டுக்கொடுத்துத் துணைபோகிறது. ஆர்கனின் பித்தளை நாக்கு விறைப்பானது, அதை உதடு தொடுவதும் இல்லை, சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் குழாய்தான் அதற்கு அனுசரித்து வெட்டப்படுகிறது. சங்கு, எக்காளம் போன்றவற்றில் நாக்கின் வேலையை மனித உதடே பார்க்கிறது.

ஆக, நான் வகை பிரிப்பது எப்போதும் இரண்டு கேள்வியால்தான். காற்றை வெட்டி வெட்டி அனுப்புவது எது? அந்த வெட்டின் வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள், வெட்டுகிறவனா, பக்கத்தில் இருக்கும் குழாயா? துருத்தி, நுரையீரல், மின்விசிறி, நீராவி எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

கேள்விக்குறி:
சரி, டிஷ்யூ பேப்பர் கதையில் நான் தோற்றேன். ஆனால் குழாய் உலோகம் அதிரத்தானே செய்கிறது? கை வைத்தால் தெரியுமே. வெள்ளீயம் அதிகம் போட்ட குழாய்க்குக் குரலே தனி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மரக்குழாயின் இதம் உலோகத்தில் வராது என்பார்கள். எல்லாம் பொய்யா?

பழையரேடியோ:
இந்தச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல். 1909-இல் டேட்டன் மில்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரட்டைச் சுவர் வைத்த குழாய் செய்து, சுவர்களுக்கு நடுவில் தண்ணீரை ஊற்றினார், ஊற்ற ஊற்ற குரல் மாறியது, ஆகவே பொருளுக்குப் பங்கு உண்டு என்றார். 1966-இல் பேக்கஸும் ஹண்ட்லியும் அளந்து பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கட்டிய குழாயில் சுவர் அதிர்வால் காதுக்கு எட்டும் அளவு எதுவும் வருவதில்லை என்றார்கள். நான் இரண்டாவது கட்சி. கை வைத்தால் அதிர்வு தெரிவது உண்மை, ஆனால் உள்ளே ஆடும் காற்றோடு ஒப்பிட்டால் அந்தச் சுவர் வெளியே அனுப்பும் ஒலி ரொம்பச் சொற்பம்.

துருத்திக்காரன்:
நடைமுறையில் இப்படிப் பாருங்கள். வெள்ளீயமும் ஈயமும் கலந்த உலோகம் மெத்தென்று இருக்கும், கத்தியால் சீவலாம், உதட்டை ஒரு இழை வளைக்கலாம், இடுக்கை ஒரு இழை விரிக்கலாம். குழாய்க்குக் குரல் பழக்குகிறவர் நாள் கணக்கில் உட்கார்ந்து செய்வது இதைத்தான். உதட்டை உயர வெட்டினால் குரல் மழுங்கும், தாழ்த்தினால் கூராகும், ஒரு தடவை அதிகமாக வெட்டிவிட்டால் ஒட்ட வைக்கிற வேலை. மரக்குழாயின் இதம் என்பதும் பெரும்பாலும் அதன் அகலத்தாலும் வாயின் அளவாலும் வருவது, பெயர் மரத்துக்குப் போய்விடுகிறது. கேட்பவர் காதில் தனி என்று படுவது உலோகமா, அந்தக் கைவேலையா என்று பிரிப்பது கஷ்டம்.

கேள்விக்குறி:
ம்ம். இதில் எனக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை, பரவாயில்லை. காற்றழுத்தம் எவ்வளவு இருக்கும்? அந்தச் சத்தத்துக்குப் பெரிய கம்ப்ரசர் வேண்டியிருக்குமே?

துருத்திக்காரன்:
எல்லாரும் ஏமாறும் இடம் இது. அழுத்தத்தைத் தண்ணீர்க் குழாயில் அளப்பார்கள், சாதாரணமாக 75 மில்லிமீட்டர் தண்ணீரைத் தூக்கும் அளவு. வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கிளாரினெட் வாசிப்பவர் வாயில் இதைவிட அதிகம் இருக்கும். ஆனால் அந்தச் சின்ன அழுத்தமே இடுக்கில் காற்றை நொடிக்கு 35 மீட்டர், அதாவது மணிக்கு 126 கிலோமீட்டர் வேகத்தில் கிளப்பிவிடும். கஷ்டம் அழுத்தத்தில் இல்லை, அளவிலும் நிதானத்திலும். பத்து விரலும் இரண்டு காலும் சேர்ந்து ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான குழாயைத் திறந்தாலும் அழுத்தம் ஆடக்கூடாது, ஆடினால் சுருதி ஆடும்.

கிமு 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் டெசிபியஸ் என்ற கிரேக்கப் பொறியாளர் செய்த ஆர்கனில் தண்ணீர் இருந்ததும் இதற்காகத்தான். தண்ணீர் ஒலித்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பம்ப் அடிக்கும்போது வரும் ஏற்ற இறக்கத்தைத் தண்ணீரின் எடை விழுங்கிக்கொண்டது, அவ்வளவுதான். பிறகு அந்த வேலை பாரம் ஏற்றிய துருத்திக்குப் போனது, இப்போது மின்விசிறி ஊதுகிறது, துருத்தி நிதானம் காக்கிறது.

அரைச்சுருதி:
என் பழைய கேள்வியில் மீதி இருக்கிறதே, கெட்டில், சைரன், கம்பி? துருத்திக்காரன் அண்ணாவின் இரண்டு கேள்வியை வைத்து யாராவது பிரித்துக் கொடுங்களேன்.

பழையரேடியோ:
சைரன் முதலில். துளை போட்ட தட்டு சுழல்கிறது, துளை நேரே வரும்போது காற்று பாய்கிறது, இல்லாதபோது நிற்கிறது. 20 துளை, நொடிக்கு 22 சுற்று என்றால் 440 ஹெர்ட்ஸ், குழாயும் வேண்டாம், குழாயோடு பேரமும் இல்லை. 1819-இல் கஞ்ஞார் த லா தூர் செய்த கருவி தண்ணீருக்குள்ளும் ஒலித்தது, அதனால்தான் கிரேக்கக் கதையில் வரும் சைரன் என்ற கடல் மோகினியின் பெயரை வைத்தார். இதில் வெட்டுகிறவன் சர்வாதிகாரி.

கம்பி வேறு மாதிரி. காற்று கம்பியைத் தாண்டும்போது பின்னால் மேலொன்று கீழொன்றாகச் சுழல்களை உதிர்க்கிறது. 1878-இல் ஸ்ட்ரூஹால் என்ற இயற்பியலாளர் கண்டது: காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, ஏறக்குறைய 0.2-ஆல் பெருக்கினால் சுரம். 2 மில்லிமீட்டர் கம்பி, நொடிக்கு 10 மீட்டர் காற்று, 1000 ஹெர்ட்ஸ். கம்பி ஆட வேண்டும் என்றுகூட இல்லை. காற்று கூடக் கூடச் சுரம் வழுக்கிக்கொண்டே ஏறுவதால்தான் அது ஊளை மாதிரிக் கேட்கிறது. ஆர்கன் குழாயில் காற்று கொஞ்சம் கூடினால் சுரம் அவ்வளவாக நகராது, குழாய் பிடித்து வைத்திருக்கிறது.

கெட்டில் விசிலில் சின்ன இடைவெளி விட்டு இரண்டு தகடு, இரண்டிலும் துளை. 2013-இல் கேம்பிரிட்ஜில் இதை உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். நீராவி மெதுவாக வரும்போது, காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரிச் சத்தம். வேகம் கூடியதும் நீராவி சுழல்களாக உடைகிறது, மூக்குக் குழாயின் நீளம் சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக கெட்டில் ஆர்கனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. குக்கர் விசிலை இதில் சேர்க்காதீர்கள், பெயர்தான் விசில், அது பெரும்பாலும் வெறும் சீறல்.

எனக்குப் பிடித்தது டயஃபோன். ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் 1890-களில் ஆர்கனுக்காகச் செய்தார், படபடக்கும் நாக்குக்குப் பதிலாக அடித்து அடித்து மூடும் ஒரு வால்வு. கனடாவில் நார்தி என்பவர் அந்த யோசனையை வளர்த்து, பிளவு வெட்டிய பிஸ்டன் வைத்துக் கலங்கரை விளக்கங்களுக்கு மூடுபனி ஊதல் செய்தார். ஆர்கன் சரக்கு கடலுக்குப் போய், கப்பல்களை எச்சரிக்கும் வேலை பார்த்தது.

குழலூதி:
கடல் என்றதும் நினைவு வருகிறது. குரோஷியாவின் ஜாதர் நகரில் 2005-இல் நிகோலா பாஷிச் கடற்கரைப் படிக்கட்டுக்குள் 35 குழாய்களைப் பதித்தார். அலை அடியில் புகுந்து காற்றைத் தள்ளுகிறது, மேலே உதட்டுக் குழாய்கள் ஒலிக்கின்றன. துருத்தி இடத்தில் கடல், மற்றதெல்லாம் அதே ஆர்கன். எந்த நேரத்தில் எது ஒலிக்கும் என்பது மட்டும் யார் கையிலும் இல்லை.

நாலுகட்டை:
சிட்னி டவுன் ஹாலில் 64 அடி வரிசை ஒன்று இருக்கிறதாமே? அது எவ்வளவு கீழே போகும்?

துருத்திக்காரன்:
இருக்கிறது, 1890-லிருந்து. நாக்குக் குழாய். கடைசிச் சுரம் நொடிக்கு 8 அதிர்வு. காதுக்குச் சுமார் 20-க்குக் கீழே சுரமே இல்லை, ஆகவே நாக்கு அடிக்கும் அடியும் அதன் மேல் மடங்குகளும்தான் கேட்கும்.

நாக்குக் குழாய் பற்றி விட்டுப்போன ஒன்று. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் உதட்டுக் குழாய்கள் எல்லாம் சேர்ந்து அரைச்சுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு ஏறும், ஏனென்றால் சூட்டில் ஒலி வேகமாக ஓடுகிறது. நாக்குகள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். பத்து டிகிரி மாறினால் இரண்டையும் சேர்த்து வாசிக்க முடியாது. அப்போது பிசகியது நாக்குகள் போலத் தோன்றும், உண்மையில் நகர்ந்தவை மற்றவை. ஆயிரக்கணக்கானவற்றைத் திருத்த முடியாது என்பதால் பாவம் நாக்குகளைத்தான் தட்டுவோம்.

அரைச்சுருதி:
நேற்று இரவு தூக்கம் வரவில்லை, இரண்டு சோதனை செய்துவிட்டேன். ஸ்ட்ராவின் ஒரு முனையைத் தட்டையாக்கி, இரண்டு ஓரமும் சீவி, சீவாளி மாதிரி வாயில் வைத்து ஊதினேன். நாலைந்து தடவை வெறும் காற்று, அப்புறம் வாத்து மாதிரி ஒரு கத்தல். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினேன், வெட்ட வெட்டச் சுரம் படியேறியது.

பிறகு பழைய ஆர்மோனியத்திலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு ரீடை எடுத்து ஊதிக்கொண்டே, அதன் மேல் காலண்டர் தாளைக் குழாயாகச் சுருட்டி வைத்தேன், நீட்டினேன், குறைத்தேன். குரல் கொஞ்சம் மாறியது, அடைத்தது, திறந்தது. சுரம் அசைந்த மாதிரியே தெரியவில்லை.

நாலுகட்டை:
தாளுக்குப் பதிலாக நல்ல மூங்கில் குழாய் வைத்து, ரீடின் சுரத்துக்கு ஏற்ற நீளத்துக்கு வெட்டிப் பாருங்கள். சீனத்து ஷெங் என்ற ஊதுகருவியில் முட்டாத நாக்குதான், உங்கள் ஆர்மோனிய வகை, ஆனால் ஒவ்வொரு நாக்குக்கும் ஒரு மூங்கில் குழாய் உண்டு, குழாயின் பேச்சு அங்கே எடுபடுகிறது. துளையைத் திறந்து குழாயின் கணக்கைக் கலைத்தால் நாக்கு வாயே திறப்பதில்லை.

அரைச்சுருதி:
மூங்கில் தேடுகிறேன். வீட்டில் இருப்பவர்கள் ஸ்ட்ரா சத்தத்துக்கே கதவைச் சாத்திவிட்டார்கள்.